முள் ஸ்பானர்

ஜனவரி 11

என் வீட்டு மெக்கானிக்குக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவுக்குக் கால் கட்டுக்குள் இன்னும் அரிக்கிறதா? குச்சியை விட்டுச் சொறியக் கூடாது என்று நான் சொன்னதாகச் சொல். கேட்க மாட்டாள், இருந்தாலும் சொல்.

கடிதத்தைப் பார்த்ததும் பதறாதே. எனக்கு ஒன்றுமில்லை. வண்டிக்குத்தான் உடம்பு சரியில்லை. குவாரியில் ஜல்லி ஏற்றிக்கொண்டிருந்தபோது இங்கே வெல்டிங் வேலை பார்க்கிறவன் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடிவந்தான். "அண்ணே, என்ஜின் என்னா தட்டு தட்டுது! நிறுத்துங்கண்ணே!" என்றான். நிறுத்திவிட்டேன். அதற்குள் ஆளாளுக்கு வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். பேரிங் போச்சு என்கிறான் ஒருவன். என்ஜினே காலி, எடைக்குப் போடு என்கிறான் இன்னொருவன். வெல்டிங்காரனை எல்லோரும் தீப்பொறி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவன் மட்டும், "எதுவா இருந்தாலும் பத்தவெச்சுத் தர்றேன், கவலைய விடுங்க" என்கிறான்.

வண்டியைத் தள்ளிக் கொட்டகையில் விட்டிருக்கிறேன். கொட்டகையில் குழி இருக்கிறது, மேலே உத்தரத்தில் பாரம் தூக்குகிற செயின் பிளாக் தொங்குகிறது. ஆனால் மெக்கானிக் என்று ஓர் ஆள் கிடையாது. மலைக்குப் பின்னால் இருப்பதால் டவரும் இல்லை. ஆபீசில் ஒரு ஃபோன் இருக்கிறது. அதில் பேசினால் ஒரே கரகரப்பு, ஒன்றும் புரியாது. நீ கடிதமே போடு. சாமான் வண்டி வாரம் ஒருமுறை டவுனுக்குப் போய்த் தபால் எடுத்து வருகிறது.

இந்த வண்டியை விட்டால் எனக்கு வேறு என்ன தெரியும், சொல். பார்த்து ஒரு வழி பண்ணு.

உன்,
டிரைவர்


ஜனவரி 20

மதிப்பிற்குரிய டிரைவர் அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அத்தையிடமிருந்து குச்சியைப் பிடுங்கி வைத்தேன். இப்போது சீப்பின் வாலை விட்டுச் சொறிகிறார். உங்கள் அம்மா இல்லையா, வேறு எப்படி இருப்பார்? கட்டுப் பிரிக்க இன்னும் நாளாகுமாம். அதுவரை அவரை விட்டு நான் அசைய முடியாது. இல்லையென்றால் இந்நேரம் ஸ்பானர் பையோடு அங்கே இறங்கியிருப்பேன்.

முதலில் ஒன்று. அந்தத் தீப்பொறியை வண்டிப் பக்கம் அண்ட விடாதீர்கள். பற்றவைக்கிறேன் என்று அடியில் தலையை நீட்டினால் அவனையும் சேர்த்து ஷாசியோடு பற்றவைத்துவிடுவேன் என்று சொல்லுங்கள்.

இனி நான் கேட்பதற்கு ஒழுங்காகப் பதில் எழுதுங்கள். சத்தம் எப்படிப்பட்டது? சுத்தியால் தட்டுகிற மாதிரி கனமாக வருகிறதா, தகரத்தைத் தட்டுகிற மாதிரி மெலிசாக வருகிறதா? என்ஜின் சும்மா ஓடும்போது அதிகமா, ஆக்சிலேட்டரை மிதித்தால் அதிகமா? நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்து, நுனியை என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேளுங்கள். பிறகு முன்பக்கமும் அப்படியே. எங்கே பலமாகக் கேட்கிறது என்று எழுதுங்கள். நான் அங்கே இல்லாததால் உங்கள் காதுதான் என் காது.

புறப்பட்ட அன்று சமையலறையில் உங்களிடம் ஒன்று கேட்டேன். பதிலே சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். இப்போதெல்லாம் நான் பேசினால் அப்படித்தான். இருக்கட்டும், வண்டி முதலில் சரியாகட்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்,
மெக்கானிக்


ஜனவரி 31

என் மெக்கானிக்குக்கு,

நலம். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. இங்கே சமைக்கிறவர் உப்பைக் கண்டுபிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

சத்தத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். எப்படிச் சொல்வது? டக்டக் என்றும் சொல்லலாம், கிணுகிணு என்றும் சொல்லலாம். தீப்பொறியையும் கேட்டுப் பார்த்தேன், தகரம் மாதிரிதான் என்கிறான்.

ஆனால் ஒன்று நிச்சயமாகச் சொல்கிறேன். என்ஜின் சும்மா ஓடும்போது வெறுங்காலை கேபின் தரையில் வைத்தால் குதிகாலில் கோழி கொத்துகிற மாதிரி இருக்கிறது. கியரில் போட்டால் கொத்துவது குறைகிறது. மிதித்தால் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. டேஷ்போர்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துப் பார்த்தேன். சும்மா ஓடும்போது தண்ணீர் நடுங்குகிறது, கியரில் போட்டால் அடங்குகிறது.

அடியில் போய்ச் சின்ன மூடியைக் கழற்றி டார்ச் அடித்தும் பார்த்தேன். பல்சக்கரம் உள்ள ஒரு தட்டு தெரிந்தது. அதன் நடுவில் போல்ட்டுகளைச் சுற்றித் தலைமுடி போல ஒரு கோடு ஓடுகிறது. அதைச் சுற்றிக் காவி நிறத்தில் பொடி. விரலில் ஒட்டியது. இதெல்லாம் உனக்கு உதவுமா?

உன்,
டிரைவர்


பிப்ரவரி 11

டிரைவர் அவர்களுக்கு,

உதவுமாவா! உங்கள் குதிகாலுக்கு ஒரு முத்தம். என்ஜினுக்கு ஒன்றுமே இல்லை. எடைக்குப் போடச் சொன்னவனை எடைக்குப் போடுங்கள்.

நீங்கள் பார்த்தது ஃபிளெக்ஸ் பிளேட். என்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்க்கிற தட்டு. ஆட்டோ கியர் வண்டிகளில் ஃபிளைவீலுக்குப் பதில் இதுதான் இருக்கும். நீங்கள் ஏற்றுகிற பாரத்துக்குக் கம்பெனி போட்ட தட்டு தாங்கவில்லை, நடுவில் விரிசல் விட்டிருக்கிறது. விரிசல் விட்ட தட்டு தட்டினால் கேட்கிறவன் என்ஜின் போச்சு என்றுதான் நினைப்பான். காவிப் பொடிதான் சாட்சி, இரும்போடு இரும்பு உரசினால் வருவது அது.

கனமான தட்டு ஒன்று வரவழைத்துப் பெட்டியில் அனுப்பியிருக்கிறேன். போட வேண்டியது நீங்கள்தான். சிரிக்காதீர்கள். வீட்டுக் குழாய்க்கு வாஷர் போடத் தெரியாத மனுஷன் என்று எனக்கும் தெரியும். தீப்பொறியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கை மட்டும் உதவட்டும், கருவி வேண்டாம்.

கியர்பாக்ஸை இறக்கும்முன், மூடி இருந்த துளை வழியாகக் கன்வெர்ட்டர் போல்ட்டுகளைக் கழற்றுங்கள். கன்வெர்ட்டர் என்பது பானை மாதிரி இருக்கும். அது கியர்பாக்ஸோடேயே வர வேண்டும், கம்பி போட்டுக் கட்டுங்கள், காலில் விழுந்தால் கால் இருக்காது. பழைய தட்டை எடுத்ததும் அது உட்கார்ந்திருந்த முகத்தைத் துடையுங்கள். எண்ணெய் ஒரு பொட்டு இருக்கக் கூடாது. புதுத் தட்டில் எந்தப் பக்கம் என்ஜினைப் பார்க்க வேண்டும் என்று சாக்பீஸில் எழுதியிருக்கிறேன். ஒரு துளை மட்டும் தள்ளி இருக்கும், அதனால் ஒரே மாதிரிதான் உட்காரும். உட்காரவில்லை என்றால் சுத்தியைத் தேடாதீர்கள், தட்டைத் திருப்புங்கள்.

பழைய போல்ட் ஒன்றைக்கூடத் திரும்பப் போடாதீர்கள். புதுசு வைத்திருக்கிறேன். மரையில் கொஞ்சம் பசை தடவிக் கையால் ஏற்றுங்கள். பிறகு எதிர் எதிராக இறுக்குங்கள், வட்டமாகப் போகாதீர்கள். இறுக்கத்தை அளக்கிற டார்க் ஸ்பானர் அனுப்பியிருக்கிறேன். அளவு வைத்தாகிவிட்டது, திருகாதீர்கள். சரியான இறுக்கம் வந்ததும் 'டக்'கென்று ஒரு சத்தம் போடும். அத்தோடு நிறுத்த வேண்டும். அதற்குமேல் ஒரு இழு இழுத்தாலும் போல்ட் போய்விடும். இறுக்கின ஒவ்வொன்றிலும் போல்ட் தலையிலிருந்து தட்டு வரை நகச்சாயத்தால் ஒரு கோடு போடுங்கள். பிறகு போல்ட் அசைந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். பெட்டியில் சிவப்புக் குப்பி இருக்கும். பட்டறைக் குப்பிதான், உங்கள் பெண்டாட்டி நகத்துக்கு என்றைக்குப் போட்டாள்?

போன வாரம் உங்கள் ஆபீசுக்கு ஃபோன் போட்டேன். எடைமேடையில் வேலை பார்க்கிற அம்மாதான் எடுத்தார். கரகரப்பு ஒன்றும் இல்லை, பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரி இருந்தது. "அண்ணே, வீட்லேர்ந்து ஃபோன்!" என்று அவர் கூப்பிட்டது எனக்கே கேட்டது. இரண்டு தரம் கூப்பிட்டார். "வாசல் கட்டில்ல தானே உட்கார்ந்து டீ குடிக்கிறாரு, வர மாட்டேங்கறாரே" என்றார். நான் வைத்துவிட்டேன்.

என்மேல் கோபம் என்றால் என்ன கோபம் என்று எழுதிவிடுங்கள். மெக்கானிக்கிடம் எதையும் மறைக்கக் கூடாது.

உங்கள்,
மெக்கானிக்


பிப்ரவரி 25

என் மெக்கானிக்குக்கு,

அம்மா எப்படி இருக்கிறாள்? எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, மனசு சரியில்லை. கோபமெல்லாம் ஒன்றுமில்லை. அன்று ஏதோ யோசனையில் இருந்திருப்பேன்.

கியர்பாக்ஸை இறக்கினோம். அதை இறக்கியதை நீ பார்த்திருந்தால் எங்களையும் பெட்டியில் போட்டு மூடியிருப்பாய். நான் மேலே என்றால் தீப்பொறி கீழே என்பான். பழைய தட்டு கழன்று வந்ததும் கையிலேயே இரண்டாகப் பிளந்தது. நீ சொன்னது அப்படியே சரி. துடைத்தேன், துடைத்தேன், என் முகம் தெரிகிற அளவுக்குத் துடைத்தேன். புதுத் தட்டும் முதல் தடவையிலேயே உட்கார்ந்தது. அந்தச் சந்தோஷத்தில் தீப்பொறி ஓர் ஆட்டமே ஆடிவிட்டான்.

அப்புறம்தான் வினை. ஸ்பானரைப் போட்டு இழுத்தேன். நீ சொன்ன சத்தம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். வரவில்லை. கல் உடைக்கிற கிரஷர் ஓடிக்கொண்டிருந்தது, தீப்பொறி பல்சக்கரம் சுற்றாமல் இருக்கக் கம்பியைக் குறுக்கே கொடுத்து அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டிருந்தான். இன்னும் இழுத்தேன். போல்ட் தலை கையோடு வந்துவிட்டது. பாதி உள்ளேயே மாட்டிக்கொண்டது.

உன் ஸ்பானர் ஊமை. டக்கும் இல்லை புக்கும் இல்லை. பழுதான கருவியை அனுப்பிவிட்டு டக்கென்று சத்தம் வரும் என்று எழுதினால் நான் என்ன செய்வேன்? போ, எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேறு போல்ட் அனுப்பு. உடைந்ததை எப்படி எடுப்பது என்றும் எழுது.

உன்,
டிரைவர்


மார்ச் 11

என் மெக்கானிக்குக்கு,

இரண்டு தரம் சாமான் வண்டி வந்துவிட்டது. உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு ஏதாவதா? உனக்கு உடம்புக்கு ஏதாவதா? ஸ்பானரைத் திட்டினதில் கோபமா? ஊமை என்று எழுதியது தப்பு. கோபத்தில் எழுதிவிட்டேன்.

ஒரு வரி போடு. நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் எழுதினாலும் போதும்.

உன்,
டிரைவர்


மார்ச் 15

அன்புள்ள உங்களுக்கு,

நானும் அத்தையும் நன்றாகத்தான் இருக்கிறோம். கோபமில்லை. கொஞ்சம் வேலை. அத்தையோடு உட்கார்ந்து மாமாவைப் பற்றி நிறையப் பேசினோம். நாள் போனதே தெரியவில்லை.

அந்த ஸ்பானர் பழுதாகத்தான் இருக்கும். அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுங்கள். இந்தப் பெட்டியில் வேறொன்று அனுப்பியிருக்கிறேன். பழங்காலத்து முள் ஸ்பானர். தண்டின்மேல் ஒரு முள் இருக்கும், கைப்பிடிக்குப் பக்கத்தில் அளவுப் பட்டை இருக்கும். இழுக்க இழுக்க முள் நகரும். பட்டையில் சிவப்பாக ஒரு கோடு போட்டிருக்கிறேன். முள் கோட்டைத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள். கண்ணால் பார்த்தால் போதும்.

உடைந்த போல்ட்டை எடுக்கத் தீப்பொறிதான் சரியான ஆள். அவனைப் பற்றி எழுதியதையெல்லாம் வாபஸ் வாங்குகிறேன். துண்டின்மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே பற்றவைக்கச் சொல்லுங்கள். சூடு ஆறுவதற்குள் நட்டில் ஸ்பானரைப் போட்டு மெல்லத் திருப்பினால் துண்டு அதோடு வந்துவிடும். சுற்றிலும் ஈரத்துணி போட்டு மூடிக்கொள்ளுங்கள். நீங்கள் இழுத்த மற்ற போல்ட்டுகளையும் கழற்றிப் போடுங்கள், அவையும் நீண்டிருக்கும். முழு செட் வைத்திருக்கிறேன்.

கியர்பாக்ஸை ஏற்றும்முன் கன்வெர்ட்டரை உள்ளே தள்ளிச் சுற்றுங்கள். படிப்படியாக இறங்கும், உள்ளங்கையில் தெரியும். முழுக்க இறங்கிவிட்டதா என்று ஒரு நேர்க்கட்டையைக் குறுக்கே வைத்து அளந்து பாருங்கள். அளவைச் சீட்டில் எழுதி ஸ்பானர் கைப்பிடியில் ஒட்டியிருக்கிறேன். அதற்குக் குறைவாக இருந்தால் ஏற்றாதீர்கள்.

எல்லாம் முடிந்து ஸ்டார்ட் செய்ததும் அதே குதிகால், அதே டம்ளர். கையை வைத்துப் பாருங்கள், எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

அவசரமே வேண்டாம். நிதானமாகச் செய்யுங்கள். உங்கள் கை நல்ல கை.

உங்கள்,
மெக்கானிக்


மார்ச் 30

என் மெக்கானிக்குக்கு,

நலம். நிஜமாகவே நலம். வண்டியும் நலம்.

தீப்பொறி நட்டைப் பற்றவைத்தான். அவ்வளவு கவனமாக அவன் எதையுமே பற்றவைத்ததில்லையாம். உன் பேரைச் சொன்னாலே அவனுக்கு இப்போது பயம். துண்டு ஒரே திருப்பில் வந்துவிட்டது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிகிறான்.

பிறகு ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கினேன். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது, நிறுத்தினேன். எதிர்ப்பக்கம் போனேன். தொட்டது, நிறுத்தினேன். நகச்சாயத்தால் கோடு போட்டேன். இவ்வளவு நாளில் ஒரு வேலையை இவ்வளவு நிம்மதியாக நான் செய்ததில்லை. கன்வெர்ட்டர் அளவு, நீ சீட்டில் எழுதியதற்கு ஒரு மயிரிழை கூடுதல். ஏற்றினோம். ஸ்டார்ட் செய்தேன். குதிகாலில் கோழி இல்லை. டம்ளரில் தண்ணீர் அப்படியே நின்றது.

இப்போது நான் எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன். உன் கடைசிக் கடிதத்தைப் பலமுறை படித்தேன். முதல் கடிதத்தில் சத்தம், சத்தம் என்று கேள்விமேல் கேள்வி கேட்டாய். கடைசிக் கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. எல்லாம் கண்ணால் பார், கையால் தொட்டுப் பார். உன் பட்டறையில் எந்தக் கருவியும் பழுதாக இருக்காது என்று நம் தெருவுக்கே தெரியும். ஸ்பானர் டக்கென்று சொல்லியிருக்கிறது. எனக்குத்தான் கேட்கவில்லை.

கொஞ்ச காலமாகவே இப்படித்தான். முதலில் குருவிகள் போயின. பிறகு இண்டிகேட்டர் சத்தம். பிறகு நீ பக்கத்து அறையிலிருந்து பேசுவது. நீ சொன்னபடி ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்தேன், ஒன்றுமில்லை. பல்லால் கடித்துப் பார்த்தேன், தாடையில் தட்டியது. அதற்குப் பிறகுதான் குதிகாலை வைத்துப் பார்த்தேன். ஃபோனில் கரகரப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. ஃபோனில் பேசினால் எனக்குப் பாதிக்குமேல் புரிவதில்லை, அதனால்தான் கடிதம் போடச் சொன்னேன். அந்த அம்மா கூப்பிட்டது சத்தியமாக எனக்குக் கேட்கவில்லை.

உன்னிடம் சொல்லப் பயம். அப்பாவை உனக்குத் தெரியும். கடைசிக் காலத்தில் எல்லோரும் பேசிச் சிரிக்கும்போது, மற்றவர்கள் வாயைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தாமதமாகச் சிரிப்பாரே. என்ன ஜோக் என்றே தெரியாமல். அப்படி ஆகிவிடுவேனோ என்றுதான் சொல்லாமலே இருந்துவிட்டேன். நீ தெரிந்துகொண்டால் கேபினைவிட்டு இறக்கிவிடுவாய் என்றும் பயம். இறக்கினால் நான் யார்?

வண்டி தயார். எடுத்துக்கொண்டு வரட்டுமா, வேண்டாமா? நீ சொன்னால்தான் சாவியைத் தொடுவேன்.

உன்,
டிரைவர்


ஏப்ரல் 7

என் தங்கமே,

நன்றாக இருக்கிறீர்களா? நான் நன்றாக இருக்கிறேனா என்று கேட்காதீர்கள். உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன், பிறகு சிரித்தேன். அத்தை பயந்துபோய்க் கட்டுப்போட்ட காலோடு நொண்டிக்கொண்டே வந்துவிட்டார்.

சத்தம் வரவில்லை என்று நீங்கள் எழுதியபோதே தெரிந்துவிட்டது. அந்த ஸ்பானரைப் பெட்டியில் வைக்கும்முன் நானே சோதித்தேன். கடிதத்தைப் படித்துவிட்டு டயர்மேல் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. அத்தையிடம் போய் மாமாவுக்கு எப்படி ஆரம்பித்தது என்று கேட்டேன். "முதல்ல எனக்குத் தெரியலடி. என்னைக் கண்டுக்கவே மாட்டேங்கறாருன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டுத் திரிஞ்சேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நானும் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்!

கூப்பிட்டால் திரும்புவதில்லை. கேட்டால் பதில் இல்லை. இந்த மனுஷனுக்கு என்மேல் இருந்ததெல்லாம் வடிந்துவிட்டது என்று நினைத்து நினைத்து நான் தேய்ந்துபோனேன். புறப்பட்ட அன்று சமையலறையில் உங்கள் முதுகைப் பார்த்துக் கேட்டேன், "அங்க போனா உங்களுக்கு என்னைத் தேடுமா?" என்று. நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு போனீர்கள். புருஷனுக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்து சந்தோஷப்பட்ட ஒரே பெண்டாட்டி நானாகத்தான் இருப்பேன். சந்தோஷம், பிறகு அந்தச் சந்தோஷத்துக்காக வெட்கம். அதனால்தான் பதில் எழுத அவ்வளவு நாளானது. நீங்களாகச் சொல்லும்வரை நான் சொல்லக் கூடாது என்றும் இருந்தது.

கேளுங்கள். அத்தைக்கு வருகிற வாரம் கட்டுப் பிரிக்கிறார்கள். அவருடைய தங்கை வந்து கூட இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த சாமான் வண்டியில் நான் ஏறிவிடுவேன். அதுவரை சாவியைத் தொடாதீர்கள். வந்து போல்ட்டையெல்லாம் ஒரு பார்வை பார்க்கிறேன். பிறகு நீங்கள் ஓட்டுங்கள், பக்கத்தில் நான் உட்கார்ந்து வருகிறேன். கண்ணும் காலும் உங்களுடையது, காது என் பொறுப்பு. எந்தக் காது தேவலை, இடதா வலதா? இடது என்றால் நிம்மதி. வலது என்றால் வழி முழுக்கக் கத்திக்கொண்டே வருவேன், ஊர் கேட்டால் கேட்கட்டும்.

வந்ததும் டாக்டரிடம் போகிறோம். காதுக்கு மெஷின் வைத்தால் ஓட்டலாம் என்றால் ஓட்டுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால், முள்ளைப் பார்த்து இறுக்கத் தெரிந்த ஆள் ஒருவர் பட்டறைக்குத் தேவைப்படுகிறார். கழுத்தைப் பிடித்து உங்களை எங்கிருந்தும் யாரும் இறக்கப் போவதில்லை.

உங்கள்,
மெக்கானிக்


ஏப்ரல் 15

என் மெக்கானிக்குக்கு,

நலம். அம்மாவின் கால் நன்றாக ஊன்றுகிறதா? நீ புறப்படுவதற்கு முன் இந்தக் கடிதம் வந்து சேர்ந்தால், வரும்போது கொஞ்சம் உப்பு எடுத்து வா.

வலது காதுதான் தேவலை. உன் அதிர்ஷ்டம் அப்படி. ஆனாலும் நீ கத்த வேண்டாம். தீப்பொறியிடம் ஒரு கண்ணாடி வாங்கி, கேபினுக்குள் முன்பக்கம் உன் இருக்கையைப் பார்த்த மாதிரி மாட்டியிருக்கிறேன். ஒரு பார்வையில் உன் முகம் தெரியும். நீ பேசுவது புரியும். நீ சிரிக்கும்போது நானும் அதே நேரத்தில் சிரிக்கலாம், அப்பா மாதிரி பின்னாலேயே வர வேண்டியதில்லை. சாலையைப் பார்க்காமல் உன்னையே பார்த்துக்கொண்டு வருவேன் என்று திட்டாதே. வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

கண்ணாடியைப் பிடித்திருக்கிற போல்ட்டுகளை முள் ஸ்பானரால்தான் இறுக்கினேன். என்னைத் தவிர எவனும் கண்ணாடிக்கு அந்த ஸ்பானரை எடுக்க மாட்டான் என்று தீப்பொறி சிரித்தான். நகச்சாயக் கோடும் போட்டேன். குப்பியில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அது உன் நகத்துக்கு.

சமையலறையில் நீ கேட்டதை இப்போதுதான் கேட்டேன். என் முதுகிடம் கேட்டால் அதற்கு என்ன தெரியும்? இனி எதைக் கேட்டாலும் என் முகத்துக்கு நேரே கேள். இந்த ஒன்றுக்கு மட்டும் எழுத்தில் பதில் சொல்லிவிடுகிறேன்.

தேடும். வந்த நாளிலிருந்து தேடிக்கொண்டேதான் இருக்கிறது. சீக்கிரம் வா.

உன்,
டிரைவர்